கோழிக்கு மூன்று முறை வலை கட்டியாகிவிட்டது. எங்கே தப்பு நடக்கிறது?

கொடாப்பு | ஞாயிறு இரவு 9.10

எங்கள் வீடு ஒட்டன்சத்திரம் பக்கம், தோட்டத்துக்குள்ளேயே. 22 சிறுவிடை நாட்டுக்கோழி, 3 சேவல், இரண்டு தாய்க்கோழியோடு 17 குஞ்சு. இதுவரை வலை எதுவும் கிடையாது. ராத்திரி கொடாப்பில், அதாவது மூங்கில் கூடையில், கவிழ்ப்போம், விடிந்ததும் திறந்து விடுவோம். என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான். இப்போது பக்கத்துக் காட்டில் மிளகாய் நாற்று நட்டிருக்கிறார்கள். கோழி போய்க் கிளறினால் அவர்களுக்கு நஷ்டம், மருந்தடித்த இடத்தில் மேய்ந்தால் எங்களுக்கு நஷ்டம். அதனால் வீட்டுக்குப் பின்னால் 30க்கு 20 அடி இடத்தை அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

டவுனில் ஒரு கடையில் கோழி வலை கேட்டேன். ஆறு மூலைக் கண் உள்ளதைக் கொடுத்தார்கள். 1 அங்குலக் கண், 4 அடி உயரம். 10 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு ஊன்றினோம்.

முதல் முறை வலை தொங்கி, நடுவில் தொப்பை போட்டது. பிரித்து, நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக் கட்டினோம். பத்து நாள் நன்றாக இருந்தது. ஒரு மழை பெய்ததும் மூலைக் கம்பில் இரண்டு உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மறுபடி பிரித்துக் குழியை ஆழமாக்கி, கல் இடித்து, இன்னும் இறுக்கிக் கட்டினோம். வலை தந்தி மாதிரி விறைப்பாக நின்றது. முந்தாநாள் மத்தியானம் கீரி அடியில் புகுந்து ஆறு குஞ்சைக் கொன்றுவிட்டது. இரண்டைத்தான் தூக்கிப்போனது, மீதி நான்கும் அப்படியே கிடந்தன. தாய்க்கோழி இன்னும் அந்த மூலையில் போய் நின்று கூப்பிடுகிறது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

கை முழுக்கக் கீறல். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. வலையைக் கழற்றிவிட்டு வேறு வாங்க வேண்டுமா, கட்டிய விதத்தில்தான் தப்பா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டறைமணம் | ஞாயிறு இரவு 10.02

அக்கா, எனக்கு கேட், கிரில் வேலைதான். வேலியும் கட்டியிருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்லுங்கள். வலைக் கம்பியின் கனம் எத்தனை கேஜ்? இறுக்கிக் கட்டிய பிறகு வலையின் உயரத்தை அளந்து பார்த்தீர்களா?


கொடாப்பு | திங்கள் காலை 6.45

கடையில் 18 கேஜ் என்றார்கள் தம்பி. உயரத்தை இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன். கம்பு ஓரத்தில் 4 அடி. இரண்டு கம்புக்கு நடுவில் 3 அடி 8 அங்குலம்தான் இருக்கிறது! தரையிலிருந்து மூன்று விரல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கட்டும்போது தரையோடு உட்கார்ந்துதான் இருந்தது, சத்தியமாக.


பட்டறைமணம் | திங்கள் காலை 7.30

அதுதான் அக்கா. நீங்கள் சரியாகத்தான் உட்கார வைத்திருப்பீர்கள், இழுத்ததில் தூக்கிக்கொண்டது. ஆறு மூலைக் கண்ணை நீளவாக்கில் இழுத்தால் ஒவ்வொரு கண்ணும் ஒடுங்கி நீளும். ஒடுங்குகிற அளவுக்கு உயரம் குறையும். மேல் விளிம்பைக் கம்பில் கட்டியிருப்பதால் கீழ் விளிம்புதான் எழும்பும். தொப்பை போகவேண்டும் என்று எவ்வளவுக்கு இறுக்கினீர்களோ அவ்வளவுக்குக் கீரிக்கு வாசல் திறந்திருக்கிறது. மூலைக் கம்பு சாய்ந்ததும் இதே இழுவையால்தான். மழையில் மண் இளகியதும் கம்பு போய்விட்டது.

இந்த வலை இழுவையைத் தாங்க வேண்டிய பொருளே இல்லை. முதலில் இரண்டு இழுகம்பி ஓட்டுங்கள். 12 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பி, அதாவது 2.64 மில்லிமீட்டர். ஒன்று தலைக்கு, ஒன்று தரையை ஒட்டி. இறுக்க வேண்டியது அந்தக் கம்பிகளைத்தான், டர்ன்பக்கிள் போட்டால் பிறகும் திருகி இறுக்கலாம். வலையை அதில் சும்மா தொங்கவிட்டு, முக்கால் அடிக்கு ஒரு கட்டுக்கம்பி முறுக்கு. அவ்வளவுதான், வலையை இழுக்கவே இழுக்காதீர்கள்.

கேஜ் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 18 என்றால் 1.22 மில்லிமீட்டர், 22 என்றால் 0.71தான். கோழி வலை என்று கடையில் வருவதில் பெரும்பாலும் 20, 22தான் பார்த்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறையில் வெர்னியர் அளவுகோல் இருந்தால் ஒரு துண்டை வைத்துப் பாருங்கள்.


கிளுவங்காடு | திங்கள் மதியம் 1.15

அம்மணி, நான் காங்கேயம் பக்கம். வயது 68. எங்கள் ஊரில் வேலி என்றாலே கிளுவை முள்மரத்தை நட்டு வளர்ப்பதுதான். கம்பி வேலி வந்தபிறகுதான் இந்தச் சாய்கிற பிரச்சினை எல்லாம். தம்பி இழுகம்பியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மூலைக்கு முட்டுக்கால் கொடுக்காமல் இழுகம்பி ஓட்டினால் நாலாவது ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும்.

மூலையில் இரண்டு பக்கத்துக் கம்பியும் சேர்ந்து இழுக்கும். அதனால் இரண்டு முட்டு வேண்டும், ஒவ்வொரு வேலி வரிசைக்கும் ஒன்று. முட்டு வேலியின் நேர்க்கோட்டிலேயே, கம்பி இழுக்கும் பக்கத்தில் நின்று மூலைக் கம்பத்தை எதிர்த்துத் தள்ள வேண்டும். பலபேர் வேலிக்கு வெளியே சாய்த்து வைக்கிறார்கள், அது ஒன்றுக்கும் ஆகாது. முட்டின் அடியில் ஒரு தட்டைக் கல்லைப் புதைத்து அதன்மேல் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் முட்டே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

மூலைக்குச் சவுக்கு வேண்டாம். நாலு கல்லுக்கால் வாங்கி 2 அடி ஆழத்தில் ஊன்றுங்கள். நடுக்கம்பம் சவுக்காக இருக்கலாம், ஆனால் கரையான் தின்னும். மண்ணுக்குள் போகிற பாகத்துக்குத் தார் பூசி நன்றாகக் காயவைத்து ஊன்றினால் சில வருஷம் கூட நிற்கும்.


செவலைச்சேவல் | திங்கள் மாலை 5.50

இவ்வளவு சிரமம் எதற்கு? வெளியே தரையை ஒட்டி ஒரு கம்பி ஓட்டி ராத்திரி மட்டும் வீட்டு லைனில் கொடுத்துவிட்டால் கீரி, நாய் எதுவும் கிட்டே வராது. எங்கள் ஊரில் செய்கிறார்கள்.


கிளுவங்காடு | திங்கள் மாலை 6.05

தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். அதில் முதலில் சாவது கோழிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் பயிருக்குத் திருட்டு மின்வேலி போட்டு மூன்று யானை செத்தது, கூடவே இருந்த இரண்டு குட்டி தவித்து நின்றது எல்லாரும் பார்த்தோம். போட்டவரைக் கைது செய்தார்கள். எங்கள் ஊரிலேயே ஒருவர் தண்ணீர் பாய்ச்சப் போய் இப்படி ஒரு கம்பியை மிதித்து இறந்தார். கீரியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர்தான். அதைத் தடுக்கலாம், கொல்லக்கூடாது.


செவலைச்சேவல் | திங்கள் மாலை 6.40

சரிங்க ஐயா. யோசிக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் போட்டிருப்பவரிடமும் பேசுகிறேன்.


யாழ்ப்பனை | செவ்வாய் காலை 8.20

அக்கா, நான் யாழ்ப்பாணம் வடமராட்சி. எங்களிடமும் கீரி, மரநாய் இரண்டும் உண்டு. கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். மரநாய் மேலால் ஏறித்தான் வரும், நிலத்தைத் தோண்டாது. 4 அடி வலை அதற்கு ஒரு படி மாதிரி. குஞ்சுகளை இரவில் வலைக்குள் விடாமல் கொடாப்பிலேயே அடையுங்கோ. வலை இருக்கிறது என்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

கீரிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் அலவாங்கால் (கடப்பாரையால்) ஒரு அடி ஆழம் சுற்றிவரத் தோண்டி வலையை இறக்கினேன். கடல் கிட்ட இருக்கிற மண், இரண்டு மாரி தாங்கவில்லை. இழுத்துப் பார்த்தால் மண்ணுக்குள் இருந்த பாகம் கையோடு பொடியாக வந்தது. பிறகு தோண்டுவதையே விட்டேன். வலையின் அடியில் இன்னொரு துண்டை வெளிப்பக்கமாக இரண்டு அடி அகலத்துக்கு நிலத்தில் படுக்க வைத்து, வேலி வலையோடு கட்டி, மேலே கல் பாரம் வைத்தேன். கீரி வேலியின் அடிக்கு வந்து அந்த இடத்தில்தான் பிறாண்டும். இரண்டு அடி பின்னால் போய்த் தோண்டி வரலாம் என்று அதற்கு யோசனை வருவதில்லை. புல் முளைத்து வலையைப் பிடித்துக்கொண்டது. இப்போது வலை இருப்பதே தெரியாது.

மழைக்காலத்துக்கு முன்பு ஒருக்கால் சுற்றிவரக் கையால் தடவிப் பாருங்கோ. கீரிக்குத் தலை நுழைந்தால் உடம்பு நுழையும்.


கோழிவைத்தியம் | செவ்வாய் இரவு 8.45

கால்நடை மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் வேலியையே பேசுகிறீர்கள், நான் வேலிக்குக் கீழே கிடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா, நீங்கள் மூன்று முறை கட்டியிருக்கிறீர்கள். வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகள் எங்கே?

கோழிக்குப் பளபளப்பான சிறு பொருள் கண்ணில் பட்டால் கொத்தும். கல்லும் மணலும் தங்கி இரையை அரைக்கும் இரைப்பை அதற்கு உண்டு, கம்பித் துண்டு அங்கேதான் போய் நிற்கும். இரைப்பை சுருங்கி விரியும்போது முனை தசையைக் குத்தித் துளைத்துவிடும். கோழி ஒடுங்கி நிற்கும், தீனி எடுக்காது, சில நாளில் செத்துவிடும். வெள்ளைக்கழிச்சல் நோய் என்று நினைத்துவிடுவார்கள். நான் அறுத்துப் பார்த்ததில் அரை விரல் நீளத் துண்டு ஒன்று இரைப்பைச் சுவரில் நட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன், கட்டுக்கம்பி முறுக்கின் நுனி. குத்தாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஜிஐ கம்பியின் மேல் பூச்சு துத்தநாகம். உள்ளே தங்கினால் அமிலத்தில் கரைந்து பறவைக்கு நஞ்சாகும்.

பழைய ஸ்பீக்கரில் வட்டமாக ஒரு காந்தம் இருக்கும். அதைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு நடங்கள். வேலி ஓரமாக இரண்டு சுற்று, நீங்கள் உட்கார்ந்து வெட்டிய இடத்தில் நான்கு சுற்று.


கொடாப்பு | புதன் காலை 10.20

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து ஓடினேன். வீட்டில் பழைய டேப்ரெக்கார்டர் ஒன்று கிடந்தது, அதில் இரண்டு காந்தம் கிடைத்தது. ஒரு சுற்றுதான் வந்திருப்பேன், முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு வந்தது. ஒரு டம்ளரில் போட்டுப் பார்த்தேன், பாதி டம்ளர். எல்லாம் நகக்கண் அளவு துண்டுகள், ஒன்றிரண்டு வளைந்து கொக்கி மாதிரி. நான் வெட்டும்போது குஞ்சுகள் என் காலைச் சுற்றித்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

போன வாரம் ஒரு பெட்டை காரணமே தெரியாமல் ஒடுங்கிச் செத்தது. அறுத்துப் பார்க்காமல் புதைத்துவிட்டோம்.


மாடிக்கூடு | புதன் மாலை 4.15

அக்கா, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நான் சென்னையில் மொட்டை மாடியில் 5 கோழி வைத்திருக்கிறேன். எனக்கு எலிதான் தொல்லை. 1 அங்குல வலை போட்டிருக்கிறேன், எலிக்குஞ்சு தாராளமாக வருகிறது. வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த சதுரக் கண் வலை) அரை அங்குலம் போடச் சொல்கிறார்கள். அதுவும் துருப்பிடிக்கும் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?


பட்டறைமணம் | புதன் இரவு 9.30

வெல்டு மெஷ் இரண்டு விதமாக வரும். பூச்சுப் போட்ட கம்பியை எடுத்துப் பற்றவைப்பது ஒன்று, கறுப்புக் கம்பியைப் பற்றவைத்துப் பிறகு முழு வலையையும் துத்தநாகத்தில் முக்கி எடுப்பது இன்னொன்று. முதல் வகையில் பற்றவைக்கும் சூட்டில் ஒவ்வொரு சந்திலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கடையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சந்தைப் பாருங்கள். புள்ளி கறுத்தோ பழுப்பாகவோ இருந்தால் முதல் வகை. சந்தின்மேலும் ஒரே சீராகச் சாம்பல் நிறம் படிந்து, கொஞ்சம் சொரசொரப்பாகச் சொட்டு நின்ற மாதிரி இருந்தால் இரண்டாவது. விலை கூடத்தான். உங்களுக்குச் சின்ன இடம், இரண்டாவதையே வாங்கிவிடுங்கள். எடை போட்டு விற்கும் கடையில் ஒரே அளவுச் சுருள் இரண்டைத் தூக்கிப் பார்த்தாலே கம்பியின் கனம் தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு வாடிக்கையாளருக்குக் கடைக்காரர் பேச்சை நம்பி முதல் வகையை அடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் வருஷமே சந்து சந்தாக விட்டுப்போனது. என் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோழி போனதை நான் கொடுக்க முடியவில்லை.

கொடாப்பு அக்காவுக்கு: உங்கள் வலையைத் தூக்கிப்போட வேண்டாம். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். கீரி உள்ளே வராமல் தடுக்கத்தான் போதாது. அடியில் 2 அடி உயரத்துக்கு அரை அங்குல வெல்டு மெஷ், அதற்கு மேல் உங்கள் பழைய வலை. இரண்டும் சேரும் இடத்தில் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கட்டும். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன படுக்கை வலைக்கும் வெல்டு மெஷ்தான் நல்லது.


புத்தகப்புழு | புதன் இரவு 10.50

ஒரு சின்னச் செய்தி. இந்த ஆறு மூலைக் கண் வலையை முதன்முதலில் இயந்திரத்தில் பின்னியது 1844இல், இங்கிலாந்தின் நார்விச் நகரில், சார்லஸ் பர்னார்ட் என்பவர். அந்த ஊர் நெசவுக்குப் பேர் போனது. துணி நெய்யும் தறியின் அமைப்பை வைத்துத்தான் அவர் அந்த இயந்திரத்தைச் செய்தார். மணம் தம்பி 'வலையை இழுக்காதே, தொங்கவிடு' என்று சொன்னதைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. கம்பியில் செய்த துணிதான் அது. கொடியில் வேட்டி காயப்போடுகிற மாதிரி போட வேண்டும் போலிருக்கிறது.


கிளுவங்காடு | வியாழன் காலை 6.30

நல்ல உவமை. எங்கள் தாத்தா கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கும் கிளை) நட்டு இடையிடையே விளாறு பின்னுவார், கோழிக்குஞ்சு போக இடம் இருக்காது. அம்மணி, கம்பி வேலி முடிந்ததும் வெளிச்சுற்றில் அடிக்கு ஒரு கிளுவைப் போத்து நட்டு வையுங்கள். மூன்று வருஷத்தில் அடைத்துக்கொள்ளும். கம்பி துருப்பிடிக்கும் காலத்துக்கு வேலி தயாராக நிற்கும். போத்து வேண்டுமென்றால் நானே வெட்டித் தருகிறேன், வந்து எடுத்துப் போங்கள்.


கொடாப்பு | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.00

எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், எனக்கு மாதிரி வேறு யாராவது தேடி வருவார்கள்.

வெர்னியரில் பார்த்தோம், 22 கேஜ். கடையில் போய்க் கேட்டதற்கு எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. வெல்டு மெஷ்ஷை வேறு இடத்தில், சந்தைப் பார்த்து வாங்கினோம்.

மூலைக்கு நாலு கல்லுக்கால், எட்டு முட்டு. கல்லுக்கால் ஊன்றவே ஒருநாள் முழுக்க ஆனது, ஒன்றரை அடிக்குக் கீழே ஓடைக்கல். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் கடப்பாரை போட்டு உடைத்தார்கள். இழுகம்பி ஓட்டி டர்ன்பக்கிளைத் திருகியபோது கம்பியைச் சுண்டிப் பார்த்தேன், ங்ங் என்று சத்தம் வந்தது. கல்லுக்கால் அசையவில்லை. முன்பு கம்பு சாய்ந்ததைப் பார்த்த பிறகு, இது அசையாமல் நின்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வலையை இந்தத் தடவை இழுக்கவே இல்லை. சுருளை நிறுத்தி வைத்து, அவர் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே கட்டிக்கொண்டு போனேன். அரை நாளில் 100 அடியும் முடிந்தது. முன்பெல்லாம் ஒருநாள் முழுக்க ஆகும். வெட்டும்போது சுருள் சிலிர்த்து முகத்தில் அடிக்காமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் வைத்தோம். தோல் கையுறை போட்டேன். வெட்டும் இடத்தில் பழைய சாக்கு விரித்து, துண்டு எல்லாம் அதிலேயே விழ, அப்படியே சுருட்டி எடுத்துவிட்டேன். கட்டுக்கம்பி முறுக்கின் நுனியை எல்லாம் வெளிப்பக்கமாக மடக்கிவிட்டேன். கடைசியில் காந்தம் இரண்டு சுற்று. ஏழு துண்டு மட்டும் கிடைத்தது.

மேலே வலை இல்லாமல் இருந்ததால் வல்லூறு ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டது. பெட்டைகளும் பறந்து ஏறின, சிறுவிடைக்கு அது ஒரு உயரமே இல்லை. பழைய நைலான் வலை வாங்கி மேலே போட்டுவிட்டோம். நடுவில் இரண்டு மூங்கில் கொடுத்துத் தூக்கியிருக்கிறது. மழைத் தண்ணீர் நிற்கவில்லை.

கீரி வந்தது. நேற்று மத்தியானம் நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தெற்கு மூலையில், போன தடவை புகுந்த அதே இடத்துக்கு நேராகப் போனது. மூக்கை வைத்து மோந்து பார்த்தது. முன்னங்காலால் பிறாண்டியது. படுக்கை வலையில் நகம் மாட்டி, காலை உதறிக்கொண்டு, ஒரு அடி தள்ளி மறுபடி பிறாண்டியது. அப்படியே வேலி ஓரமாகவே மேற்கு வரைக்கும் போனது. பத்து நிமிஷம் இருக்கும். உள்ளே தாய்க்கோழி குஞ்சை எல்லாம் இறக்கைக்குள் வாங்கிக்கொண்டு கத்தியது. அப்புறம் கீரி மிளகாய்க் காட்டுப் பக்கம் போய்விட்டது.

ஐயா, கிளுவைப் போத்துக்கு வரும் புதன்கிழமை காங்கேயம் வருகிறோம். எத்தனை மணிக்கு வந்தால் தொந்தரவு இருக்காது?

கதவுக்கு அடியில் மட்டும் இன்னும் ஒரு விரல் சந்து இருக்கிறது. இப்போதைக்கு ராத்திரியும் பகலும் ஒரு அம்மிக்கல்லை அண்டக்கொடுத்து வைத்திருக்கிறேன்.


பட்டறைமணம் | ஞாயிறு இரவு 9.15

அக்கா, கதவுக்கு அடியில் ஒரு பலகைக் கல்லைத் தரை மட்டத்துக்குப் பதித்துவிடுங்கள், கதவு அதன்மேல் உரசாத குறையாகப் போகட்டும். பதிப்பதற்கு முன்னால் கதவைச் சாத்தி வைத்து மட்டம் பாருங்கள். கீலுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சநாளில் கதவு அரை விரல் இறங்கும், அதற்கும் சேர்த்து விடுங்கள்.